முப்பது மாத்திரைக்கு ஒரு கையெழுத்து

தண்டையார்பேட்டை
13.6.2024

அன்புத் தங்கச்சி ஜானட்டுக்கு அண்ணன் ஜெரி எழுதுவது.

மாதா புண்ணியத்தில் நானும் எல்சியும் மகிமாவும் சுகம். மலைக் குளிரில் உனக்குப் பிடித்த சளி விட்டதா, இல்லை இன்னும் மூக்கை உறிஞ்சிக்கொண்டுதான் ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கிறாயா? தண்ணீர்த் தொட்டி மேல் ஏறினால்தான் அங்கே டவர் கிடைக்கும் என்கிறாய். பில் புக் எப்படியும் தபாலில்தான் வந்தாகணும், கூடவே நாலு வரியும் எழுதி வைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

பார்சலில் மூன்று பில் புக் இருக்கிறது. வழக்கம்போல 'மருந்தாளுநர்' என்று அச்சடித்த இடத்தில் எல்லாப் பக்கத்திலும் கையெழுத்துப் போட்டு அனுப்பு. போன தடவை கடைசிப் பத்துப் பக்கம் கோழி கிளறிய மாதிரி இருந்தது. கை வலித்ததா, மனசு வலித்ததா? உன் சர்டிபிகேட் கல்லாவுக்கு மேலே மாதா படத்துக்குப் பக்கத்தில் பத்திரமாகத் தொங்குகிறது. தினமும் எல்சி இரண்டையும் துடைக்கிறாள். படிப்பு உன்னுடையது, உழைப்பு என்னுடையது, அப்பா ஹார்பரில் முதுகை உடைத்துச் சேர்த்த பணம் இரண்டு பேருடையது. அப்படித்தானே கடை நடக்கிறது.

நீ கடையில் இருந்தபோது கண்டுபிடித்த கவர்தான் இப்போது ஏரியாவிலேயே பேர். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்குக் காலைக்குச் சூரியன், ராத்திரிக்கு நிலா. நான் ரப்பர் ஸ்டாம்ப்பே செய்துவிட்டேன். மத்தியானம் கூட்டம் இல்லாத நேரத்தில் எல்சி நூறு நூறாகக் குத்தி வைத்துவிடுகிறாள். எனக்கு வேலை மிச்சம்.

எதிர் பிளாட்பாரத்தில் மீன் விற்கும் மங்கை அக்கா உன்னை விசாரித்தது. ஐஸில் கை வைத்து வைத்து விரல் எல்லாம் வீங்கி, மீன் பேசினைப் பிடிக்க முடியவில்லை. பெரியாஸ்பத்திரியில் புதுசாக ஒரு மூட்டு மாத்திரை எழுதியிருக்கிறார்கள். நம்மிடம் இல்லை, பாரிமுனை மொத்தக் கடையில் சொல்லி வரவழைத்தேன். "இன்னா ஜெரி, ஜானட்டு கவர்ல போட்டுக் குடு, அப்பத்தான் எனக்குப் பிரியும்" என்று கேட்டு வாங்கிக்கொண்டு போனது.

உடம்பைப் பார்த்துக்கொள்.

இப்படிக்கு,
ஜெரி

*

மலை ஆஸ்பத்திரி
22.6.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

அண்ணிக்கும் மகிமாவுக்கும் என் முத்தங்கள். சளி விட்டுவிட்டது. உன் சர்க்கரை எவ்வளவு என்று எழுதவே மாட்டாயா? ஊருக்கெல்லாம் மாத்திரை விற்கிறவன் தன் மாத்திரையை ஒழுங்காகப் போடுவதில்லை என்று அண்ணி போன மாதமே புகார் சொன்னாள்.

மூன்று புத்தகத்திலும் கையெழுத்துப் போட்டுவிட்டேன். ஆனால் இதுதான் கடைசி. இதையே போன வருஷமும் சொன்னேன் என்று சிரிக்காதே. போன வாரம் இங்கே மருந்தாளுநர்களுக்கு ஒரு நாள் வகுப்பு வைத்தார்கள். வகுப்பெடுத்தவர் பழைய கதையிலிருந்து ஆரம்பித்தார். வெள்ளைக்காரன் காலத்தில் யார் வேண்டுமானாலும் கடை போட்டு, யாருக்கு வேண்டுமானாலும் மருந்து கலக்கிக் கொடுக்கலாம் என்று இருந்ததாம். செத்தவர்களுக்குக் கணக்கில்லை. அதற்குப் பிறகுதான் நாற்பத்தெட்டில் சட்டம் வந்தது, பதிவு செய்தவர் தவிர வேறு யாரும் மருந்து கொடுக்கக் கூடாது என்று ஆனது. இதைச் சொல்லிவிட்டு, "உங்களில் யாருடைய சர்டிபிகேட்டாவது வேறு கடையில் தொங்குகிறதா?" என்று சாதாரணமாகக் கேட்டார். நான் தலையைக் குனிந்துகொண்டு பேனாவுக்கு மூடி போட்டுக்கொண்டிருந்தேன். நான் இங்கே வேலை பார்ப்பதும் அங்கே தொங்குவதும் வெளியே தெரிந்தால் இரண்டு இடத்திலும் போச்சு. வேறு ஆளைச் சம்பளத்துக்கு வை, அண்ணா. கெஞ்சிக் கேட்கிறேன்.

மங்கை அக்காவுக்கு என்ன மாத்திரை? பெயர் எழுது. மூட்டுக்குக் கொடுப்பதில் சிலதைத் தினமும் போடக் கூடாது. ஆஸ்பத்திரிச் சீட்டை முழுக்கப் படித்துவிட்டுக் கொடு.

அன்புடன்,
ஜானட்

*

தண்டையார்பேட்டை
2.7.2024

அன்புத் தங்கச்சிக்கு,

இங்கே எல்லோரும் சுகம். என் சர்க்கரையும் சுகமாக இருக்கிறது, நானூறுக்குக் கீழேதான். பயப்படாதே.

பில் புக் வந்து சேர்ந்தது. வேறு ஆள் வை என்று சுலபமாகச் சொல்லிவிட்டாய். சம்பளத்துக்கு எவன் வருகிறான்? வருகிறவனும் உன்னை மாதிரியே சர்டிபிகேட்டை மாட்டிவிட்டு வாடகை வாங்கிக்கொண்டு போகிறேன் என்கிறான். முன்பின் தெரியாதவனுக்கு உன் கையெழுத்து தேவலை இல்லையா? இன்னும் இரண்டு புத்தகம் வைத்திருக்கிறேன். கோபப்படாமல் போட்டு அனுப்பு, ராஜாத்தி.

எண்ணூர்ப் பக்கத்திலிருந்து நாலு நாளாகக் காஸ் நாற்றம். ஷட்டரைப் பாதி இறக்கி வைத்து வியாபாரம் பண்ணுகிறேன். இருமல் மருந்து நன்றாகப் போகிறது. கஷ்டத்திலும் கடைக்காரன் பிழைக்கிறான் என்று எல்சி குத்திக் காட்டுகிறாள்.

மங்கை அக்கா பத்து நாளாகக் கடை போடவில்லை. வாயெல்லாம் புண்ணாம், கஞ்சி கூட இறங்கவில்லையாம். தலைமுடியும் கொத்துக் கொத்தாக வருகிறதாம். எல்லாம் சூடு. பி காம்ப்ளெக்ஸும் வாய்க்குத் தடவ ஜெல்லும் மகள் ஷாலுவிடம் கொடுத்தனுப்பினேன். உன்னை ரொம்பக் கேட்டதாம்.

இப்படிக்கு,
ஜெரி

*

மலை ஆஸ்பத்திரி
9.7.2024

அண்ணனுக்கு,

உன் கடிதம் இன்று நாலு மணிக்குத்தான் கைக்கு வந்தது. வாய்ப்புண், முடி என்று படித்ததும் செருப்பைக் கூடப் போடாமல் தொட்டி மேல் ஏறி உன்னைக் கூப்பிட்டேன். மாத்திரை பெயரை நீ சொன்னதும் எத்தனை நாளைக்கு ஒன்று போடுகிறது என்று கேட்டேன். அது வாரத்துக்கு ஒன்றுதான் போட வேண்டும். தினமும் போட்டால் ரத்தத்தையே காலி பண்ணிவிடும். நீ, "வாரத்துக்கு ஒண்ணுதான் துண்ணுது, நானே சொல்லித்தான் குடுத்தேன், நீ டென்சன் ஆவாத" என்றாய். நானும் சரி என்று இறங்கி வந்துவிட்டேன்.

இருந்தாலும் மனசு கேட்கவில்லை, எழுதுகிறேன். இந்தக் கடிதம் கிடைத்ததும் மங்கை அக்கா வீட்டுக்கு நேரில் போய் அட்டையை வாங்கி எண்ணிப் பார். நாலு ஐந்துக்கு மேல் குறைந்திருந்தால் அதே நிமிஷம் ஆட்டோ பிடித்துப் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப் போ. மாத்திரை பெயரை டாக்டரிடம் சொல். இந்த மாத்திரையின் விஷத்தை முறிக்க ஊசி இருக்கிறது, பெயரைச் சொன்னால் அவர்களுக்குத் தெரியும்.

போனில் கடைசியாக நான் சொன்னதை இங்கே எழுதவில்லை. உனக்கு ஞாபகம் இருக்கும்.

பதில் போடு.

ஜானட்

*

தண்டையார்பேட்டை
30.7.2024

அன்புத் தங்கச்சிக்கு,

நலம். உன் நலம் அறிய ஆவல்.

பதில் எழுதத் தாமதம். கடையில் வேலை. மகிமாவுக்கு ஸ்கூலில் ஏதோ டான்ஸ். எல்சிக்கு முதுகு வலி. மழை ஒரு நாள் பெய்து தெருவெல்லாம் சாக்கடை.

இரண்டு பில் புக் இன்னும் வரவில்லை. சீக்கிரம் அனுப்பு.

ஜெரி

*

மலை ஆஸ்பத்திரி
7.8.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

எனக்கு உடம்பு சுகம்தான், தூக்கம்தான் இல்லை. உன் கடிதம் வந்தது. திருப்பித் திருப்பிப் பார்த்தேன், ஐந்தாறு வரிக்கு மேல் இல்லை. நீ இருமினால் கூட ஒரு பக்கம் எழுதுகிற ஆள். நான் கேட்ட ஒன்றுக்கும் பதில் இல்லை. அட்டையை எண்ணினாயா? ஏழு தடவை போன் போட்டேன், எடுக்கவில்லை. அண்ணி எடுத்தாள், என் குரலைக் கேட்டதும் "அப்பறம் பேசறேன்" என்று வைத்துவிட்டாள்.

மங்கை அக்கா எப்படி இருக்கிறது? அதை மட்டும் எழுது. பில் புக் என்னிடம்தான் இருக்கிறது. கையெழுத்துப் போடவில்லை.

ஜானட்

*

தண்டையார்பேட்டை
20.8.2024

தங்கச்சிக்கு,

வக்கீல் போனில் எதுவும் பேசாதே என்கிறார். அதனால் எழுதுகிறேன். படித்ததும் கிழித்துப் போடு.

மங்கை அக்கா போன மாதம் பத்தொன்பதாம் தேதி தவறிவிட்டது. பெரியாஸ்பத்திரியில் ஒரு வாரம் கிடந்தது. காய்ச்சல், ரத்தத்தில் அணு குறைவு என்று டெங்கு வார்டில் வைத்திருந்தார்கள். நான் பூ மாலை வாங்கிக்கொண்டு போனேன். காசிமேடு சுடுகாடு வரைக்கும் நடந்தேன். எப்படி உனக்கு எழுதுவது?

அதோடு முடிந்திருக்கும். அந்த ஷாலு அம்மாவின் பையைக் குடைந்து பழைய ஆஸ்பத்திரிச் சீட்டையும் நம் பில்லையும் எடுத்துக்கொண்டு யாரோ ஒரு டாக்டரிடம் காட்டியிருக்கிறது. சீட்டில் வாரம் ஒன்று. பில்லில் முப்பது. டிரக் இன்ஸ்பெக்டர் வந்தார். கல்லாவுக்கு மேலே பார்த்தார். "இந்த அம்மா எங்கே?" என்றார். லீவில் என்றேன். அடுத்த மாதம் இருபத்தேழாம் தேதி காலை பதினொரு மணிக்கு விசாரணை. உன் பெயருக்குத்தான் நோட்டீஸ். சட்டப்படி கொடுத்தது நீ.

பதறாதே. வக்கீல் வழி சொல்லியிருக்கிறார். இத்துடன் டைப் அடித்த தாள் வைத்திருக்கிறேன். அதில் இருப்பது இவ்வளவுதான். அன்றைக்கு நீ கடையில் இருந்தாய். திரும்பத் திரும்ப வந்து வாங்க முடியாது என்று நோயாளி கேட்டதால் முப்பது கொடுத்தாய். வாரம் ஒன்று என்று மூன்று முறை சொன்னாய். எழுதப் படிக்கத் தெரியாதவர், தானாகவே தப்பாகச் சாப்பிட்டுவிட்டார். கீழே கையெழுத்து. மலை ஆஸ்பத்திரி வேலையை முன் தேதி போட்டு விட்டுவிடு, ஆஸ்பத்திரி நடத்தும் கன்னியாஸ்திரி சிஸ்டர்களிடம் ஏதாவது சொல்லிக்கொள்ளலாம்.

செத்தவர்களுக்கு இனி என்ன நஷ்டம், ஜானட்? இருக்கிறவர்களைப் பார்க்கணும். மகிமா ஆறாவது படிக்கிறாள்.

ஜெரி

*

காசிமேடு
28.8.2024

ஜானட் அக்காவுக்கு, மங்கை மகள் ஷாலு எழுதுவது.

நீங்கள் நலமா என்று கேட்டுத்தான் கடிதம் தொடங்க வேண்டும் என்று ஸ்கூலில் சொல்லிக் கொடுத்தார்கள். அதனால் கேட்கிறேன். உங்கள் விலாசத்தை எல்சி அக்கா கொடுத்தாங்க. நான் கேட்கவில்லை, அவங்களே வீடு தேடி வந்து ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிட்டு, உள்ளே வராமல் போய்விட்டாங்க.

ஒன்றே ஒன்றுதான் கேட்கணும். பில்லில் உங்கள் கையெழுத்து இருக்கிறது. ஜூன் பதினொன்றாம் தேதி. அம்மா மாத்திரை வாங்கின அன்றைக்கு நான் கூடப் போகவில்லை. நீங்கள் கடையில் இருந்தீங்களா? வாரத்துக்கு ஒன்று என்று அம்மாவிடம் சொன்னீங்களா? சொல்லியிருப்பாங்க, உங்க அம்மாதான் மறந்திருக்கும் என்று ஜெரி அண்ணன் சொல்கிறார். எங்கள் அம்மாவுக்கு யார் எத்தனை கிலோ மீன் வாங்கினார்கள் என்று ஒரு மாசம் கழித்தும் ஞாபகம் இருக்கும். அது மறக்குமா?

இன்னொன்று. ஜூலை பத்தாம் தேதி காலையில் ஜெரி அண்ணன் வீட்டுக்கு வந்து, "அந்த மாத்திரை இனி வாணாம், வேற குடுக்கறேன்" என்று கவரோடு வாங்கிப் போய்விட்டார். காரணம் சொல்லவில்லை. ஆஸ்பத்திரியில் டாக்டர் இதுவரைக்கும் என்ன மாத்திரை சாப்பிட்டாங்க என்று கேட்டபோது காட்டுவதற்கு என்னிடம் எதுவும் இல்லை. சத்து மாத்திரை, மூட்டு மாத்திரை என்றுதான் சொன்னேன். அந்தச் சீட்டு அம்மா மீன் பையில் இருந்ததே எனக்குத் தெரியாது.

அம்மா எப்போதும் உங்களைப் பற்றிப் பெருமையாகத்தான் பேசும். அதனால்தான் போலீஸுக்குப் போகும் முன்னால் உங்களைக் கேட்கிறேன்.

ஷாலு

*

தண்டையார்பேட்டை
2.9.2024

ஜானட்,

தாள் இன்னும் வரவில்லை. எல்சி ஒரு வாரமாக என்னோடு பேசவில்லை. நீயாவது பேசு.

வேண்டுமென்றா செய்தேன்? அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை மாதிரி கூட்டம். குத்தி வைத்த கவரில் மேலே எது இருந்ததோ அதில் போட்டேன். சூரியன். நீ போன் பண்ணின பிறகுதான் எனக்கே உறைத்தது. வாரத்துக்கு ஒன்று என்று உன்னிடம் சொன்னது பொய்தான். பயந்துவிட்டேன். மறுநாளே போய் வாங்கி வந்துவிட்டேனே, நிறுத்திவிட்டால் சரியாகிவிடும் என்று நினைத்தேன். டாக்டரிடம் போய்ச் சொல்லியிருந்தால் எந்தக் கடை என்று கேட்டிருப்பார். நீ கடைசியாகச் சொன்னதுதான் காதில் ஓடிக்கொண்டே இருந்தது.

கூடப் பிறந்தவன் கேட்கிறேன். அனுப்பு.

ஜெரி

*

மலை ஆஸ்பத்திரி
9.9.2024

அண்ணனுக்கு,

உன் தாளைக் கையெழுத்துப் போடாமல் திருப்பி அனுப்பியிருக்கிறேன். பில் புக்கும் அதோடு வெற்றாகவே வருகிறது.

நான் அன்றைக்குக் கடையில் இல்லை. நாலு வருஷமாக ஒரு நாள் கூட இல்லை. அதை ஒரு தாளில் எழுதி இன்ஸ்பெக்டருக்கு இன்று பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டேன். பெரிய சிஸ்டரிடமும் காலையில் சொல்லிவிட்டேன். அவர்கள் திட்டவில்லை. மருந்து அறைச் சாவியை மேஜை மேல் வைக்கச் சொன்னார்கள், வைத்தேன்.

உன்னை மட்டும் மாட்டிவிட்டதாக நினைக்காதே. சூரியன் நிலா வரைந்தவள் நான்தான். வாரத்துக்கு ஒன்று என்றால் என்ன படம் போடுவது என்று நான் யோசித்ததே இல்லை. அப்போது நான் கல்லாவுக்குப் பக்கத்தில் நின்று வாயால் சொல்லி, அவர்களைத் திருப்பிச் சொல்ல வைத்து அனுப்புவேன். நான் போன பிறகு படம் மட்டும் இருந்தது, சொல்கிற ஆள் இல்லை. ஆளுக்குப் பதிலாக நான் கையெழுத்தை அனுப்பிக்கொண்டிருந்தேன்.

கடை போகும். உனக்கு ஜெயில் கிடைத்தாலும் கிடைக்கும். மகிமாவை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று அண்ணியிடம் சொல், எனக்கு வேலை கிடைத்தால். செத்தவர்களுக்கு என்ன நஷ்டம் என்று கேட்டாயே, அந்த ஒரு வரிக்காக உன் மேல் ஆத்திரமாக வருகிறது. எழுதப் படிக்கத் தெரியாதது மங்கை அக்காவின் குற்றம் என்று நான் கையெழுத்துப் போட மாட்டேன்.

சர்க்கரை மாத்திரையை நிறுத்தாதே.

ஜானட்

*

மலை ஆஸ்பத்திரி
9.9.2024

ஷாலுவுக்கு,

நலமா என்று உன்னைக் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

நீ கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். நான் கடையில் இல்லை. உன் அம்மாவிடம் வாரத்துக்கு ஒன்று என்று யாரும் சொல்லவில்லை. உன் அம்மா எதையும் மறக்கவில்லை. கவரில் தினமும் காலையில் என்று படம் இருந்தது, அது அதன்படி சாப்பிட்டது. பில்லில் இருக்கும் கையெழுத்து, மாத்திரை விற்பதற்கு முன்பே இந்த மலையில் உட்கார்ந்து வெற்றுத் தாளில் நான் போட்டது. என் சர்டிபிகேட்டை வைத்து அண்ணன் கடை நடத்தினான். இரண்டு பேருக்கும் அது குற்றம் என்று தெரியும்.

இன்னும் ஒன்று இருக்கிறது. அதை நான் சொல்லாவிட்டால் உனக்குத் தெரியவே போவதில்லை. ஜூலை ஒன்பதாம் தேதி மாலையில் உன் அம்மாவுக்கு வாய்ப்புண் என்று படித்ததும் எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. அண்ணனுக்குப் போன் செய்தேன். வாரத்துக்கு ஒன்றுதான் என்றான். அவன் குரலிலேயே பொய் என்று தெரிந்தது, கூடப் பிறந்தவளுக்குத் தெரியாதா? ஆனாலும் நம்பினேன், நம்புவதுதான் எனக்கு வசதியாக இருந்தது. வைப்பதற்கு முன்னால் அவனிடம், "இன்னாவா இருந்தாலும் கடை பேரு வெளிய வராம பாத்துக்கோண்ணே" என்றேன். அவன் அதைத்தான் செய்தான். மறுநாள் கவரை வாங்கிப் போனது அதற்காகத்தான்.

அதற்குப் பிறகு உன் அம்மா பத்து நாள் உயிரோடு இருந்திருக்கிறது. டாக்டருக்கு மாத்திரை பெயர் தெரிந்திருந்தால் ஊசி போட்டுப் பார்த்திருப்பார்கள். பிழைத்திருக்கும் என்று உறுதியாகச் சொல்ல முடியாது, வழி இருந்தது என்று மட்டும் சொல்ல முடியும். உன் போன் நம்பர் என்னிடம் இல்லை, ஆனால் எல்சி அண்ணியிடம் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

இதையெல்லாம் இன்ஸ்பெக்டருக்கும் எழுதிவிட்டேன், போனில் சொன்னதையும் சேர்த்து. நீ போலீஸுக்குப் போவதானால் இந்தக் கடிதத்தையும் எடுத்துக்கொண்டு போ. இருபத்தேழாம் தேதி நான் வருவேன்.

ஜானட்

*

காசிமேடு
18.9.2024

ஜானட் அக்காவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. முதல் தடவை படித்தபோது கிழித்துவிடலாம் என்று இருந்தது. எங்கள் சித்திதான் கையிலிருந்து பிடுங்கி வைத்தது. நாலு நாள் கழித்துத் திரும்பப் படித்தேன்.

நான் உங்களுக்கு எழுதினதில் ஒன்றை விட்டுவிட்டேன். யாரிடமும் சொன்னதில்லை. அம்மாவுக்கு விரல் மடங்காது, அட்டையிலிருந்து மாத்திரையைப் பிதுக்க வராது. தினமும் காலையில் எடுத்துக் கொடுத்தது நான்தான். ஜூன் கடைசியில் அம்மா வேண்டாம் என்று வாயை மூடிக்கொண்டது. "எரியுது ஷாலு, வாணாம்மே, வுட்ரு" என்று அழுதது. நான் திட்டினேன். மருந்து போடாமல் எப்படிச் சரியாகும் என்று கத்தினேன். அப்புறம் மாத்திரையை நசுக்கிக் கஞ்சியில் கலந்து, தலையைப் பிடித்துக்கொண்டு ஊட்டினேன். ஒன்பதாம் தேதி வரைக்கும் ஒரு நாள் கூட விடவில்லை. அம்மாவைக் குழந்தை மாதிரி பார்த்துக்கொள்கிறாள் என்று தெருவில் எல்லோரும் சொன்னார்கள்.

சீட்டில் வாரம் ஒன்று என்று அந்த டாக்டர் படித்துக் காட்டினபோது எனக்கு வேறு எதுவும் காதில் விழவில்லை. அம்மா மறந்துவிட்டது என்று ஜெரி அண்ணன் சொன்னபோது கூட, மறந்தது அம்மா இல்லை, அம்மா என்னிடம் சொல்லி நான்தான் கவனிக்காமல் விட்டுவிட்டேனோ என்று தினமும் யோசித்துக்கொண்டிருந்தேன். சொல்லவில்லை என்று நீங்கள் எழுதிய பிறகுதான் அந்த யோசனை நின்றது. ஆனால் கஞ்சிக் கிண்ணத்தை இன்னும் தொட முடியவில்லை.

உங்களை நான் மன்னிக்கவில்லை. அந்தப் பத்து நாளை நினைத்தால் உங்களை என்ன செய்தாலும் தகும் என்று தோன்றுகிறது. கருமாதி முடிந்துவிட்டது, வீட்டுக்கு வர வேண்டாம்.

இருபத்தேழாம் தேதி வாருங்கள். வீட்டில் மாத்திரை கொடுத்தது யார் என்று அதிகாரி கேட்பார். நான்தான் என்று எழுந்து சொல்லுவேன். கடையில் கொடுத்தது யார் என்று அடுத்துக் கேட்பார். அப்போது நீங்கள் எழுந்து நில்லுங்கள்.

ஷாலு